வழக்கில் கிடந்த ஆட்டுக்கல்

பிழைத்து வந்தவளைப் பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழமும் ரொட்டிப் பாக்கெட்டும் வாங்கி வருவார்கள். எனக்கும் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். பாதிப் பேர் நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்க வந்தவர்கள். மீதிப் பேர் நான் இருக்கிறேனா என்று பார்க்க வந்தவர்கள். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "ரத்தத்துல என்னென்னமோ கொறஞ்சுதுன்னாங்க. ஒன் சந்தேகம் மட்டும் கொறையவே இல்ல" என்றார்.

வந்தவர்கள் எல்லோரும் டெங்கு எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். எழுதிவிட்டால், நான் சொல்லாததைச் சொன்னேன் என்று யாரும் சொல்லவும் முடியாது.

என் பெயர் தமிழ்ச்செல்வி. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் மதகைத் தாண்டி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். அரிசி மூட்டையை எடை போடாமல் இறக்கிக்கொண்டதில்லை. முட்டையை எண்ணி வாங்குவேன், எண்ணிய பிறகு தண்ணீரிலும் போட்டுப் பார்ப்பேன். இந்த வேலையில் நம்பினால் குறையும். பிள்ளைகள் சோற்றில் குறையக் கூடாது என்று வந்த குணம், பிறகு வீட்டுக்கும் என்னோடு வந்து தங்கிவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் அஞ்சம்மாக்கா வீட்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு மண் கிடக்கிறது. ஒரு மாட்டுவண்டி போகும் அகலம். பண்ணையார் காலத்தில் அவர் களத்துக்கு வண்டி போன பாதை அது. என் மாமனாரும் அஞ்சம்மாக்காவின் மாமனாரும் அந்தப் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காகக் குடிசைகளைக் காலி பண்ணச் சொன்னபோது, இருவரும் இந்தப் பாதையில் குறுக்கே படுத்து வண்டியை மறித்தார்கள். சேர்ந்தே அடி வாங்கினார்கள், சேர்ந்தே போலீஸ் வண்டியில் ஏறினார்கள். பிறகு ஆட்சி மாறியது. குடியிருந்த மனை குடியிருந்தவர்களுக்கே என்று சட்டம் வந்து இரண்டு குடிசைக்கும் பட்டா கிடைத்தது. நடுவில் இருந்த பாதை மட்டும் யார் பட்டாவிலும் ஏறவில்லை.

பண்ணை கைமாறி, களம் வயலாகி, வண்டிப் போக்குவரத்தும் நின்ற பிறகு, எங்கள் மாமனார் அடிபட்ட இடம் எங்களுடையது என்றோம் நாங்கள். எங்கள் மாமனார் மட்டும் அங்கே பாயசமா சாப்பிட்டார் என்றார்கள் அவர்கள். ஜமாபந்தியில் மனு கொடுத்து, தாசில்தாரைப் பார்த்து, கடைசியில் அது கோர்ட்டுக்குப் போனது. நானும் அஞ்சம்மாக்காவும் பேச்சை நிறுத்தினோம். அதுவரை ஒரு நாள் பேசாமல் இருந்தவர்கள் இல்லை.

எங்கள் வக்கீல் சொன்ன பாடம் ஒன்றுதான். "அனுபவத்துல யாரு வச்சிருக்காங்கங்கிறதுதான் கேள்வி. ஒங்க சாமான் அங்க இருந்துக்கிட்டே இருக்கணும். கமிஷனர் வந்து பாக்குறப்ப இல்லேன்னா எடமும் இல்ல. அவங்க சாமான்ல மட்டும் கைய வச்சிடாதீங்க, போலீஸ் கேஸாயிடும்." கமிஷனர் என்பவர், இடத்தை நேரில் பார்த்து எழுதிக் கொடுக்கக் கோர்ட்டு அனுப்பும் ஒரு வக்கீல். அவர்கள் வக்கீலும் அதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவச கிரைண்டர் கொடுத்து முடித்திருந்த சமயம். எல்லார் வீட்டிலும் ஆட்டுக்கல் வேலையில்லாமல் கிடந்தது. நாங்கள் எங்கள் ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு போய்ப் பாதையில் வைத்தோம். மறுநாள் அவர்கள் ஆட்டுக்கல் எதிரே வந்து உட்கார்ந்தது. நாங்கள் மாட்டுத் தண்ணீர்த் தொட்டியை வைத்தோம். அவர்கள் மூடியில்லாத பிளாஸ்டிக் டிரம்மை வைத்தார்கள். அப்புறம் டயர், உடைந்த சால், விரிந்த குடம் என்று இரண்டு பக்கமும் அணிவகுத்தன. நம் சாமானை எடுத்தால் உரிமை போகும், அவர்கள் சாமானைத் தொட்டால் வழக்கு வரும். ஆக, எதையும் யாரும் தொடவில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊரில் அது கொசுவுக்கு வாய்த்தது.

என் மகள் கயல்விழியைச் சீர்காழியில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். போன ஆவணியில் அவள் வயிற்றில் ஐந்து மாதம். ஐப்பசியில் வளைகாப்பு, அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை எங்கள் பக்கம் மழைக்காலம், கொசுவின் காலமும் அதுதான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆவணி முடியும் முன்பே வீட்டைச் சுற்றி வேலையைத் தொடங்கினேன். தென்னை மட்டை, சிரட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு மேல் பழைய வேட்டியைப் போட்டுக் கட்டினேன். கிணற்றுக்கு வலை. குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் தண்ணீர் வடியும் தட்டைக்கூட விடவில்லை. ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்தார் வீட்டுக்காரர். பாதையில் கிடந்ததை மட்டும் அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அது வீட்டுக் கணக்கில் வராது, கோர்ட்டுக் கணக்கு.

கொசு ஒழிப்புக்கு வரும் பெண் ஒருத்தி வந்தாள். டார்ச்சை ஆட்டுக்கல் குழியில் அடித்தாள். மாலை மழையில் நிறைந்திருந்த தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

"அக்கா, இது பூரா புழுவா கெடக்குதுக்கா. கவுத்துடுங்க."

"அது கேஸுல இருக்கு."

"கல்லா?"

"கல்லுதான். தொடக்கூடாது."

எதிர்ப்பக்கம் போய்க் கேட்டாள். அஞ்சம்மாக்காவும் அதையே சொல்வது எனக்குக் கேட்டது. "சரி, நான் மருந்தாவது ஊத்திட்டுப் போறேன்" என்று அந்தப் பெண் பாட்டிலைத் திறந்தாள். எங்கள் பக்கம் வருவதற்கு முன் அவள் அஞ்சம்மாக்கா வீட்டில் டீ குடித்ததை நான் பார்த்திருந்தேன்.

"எந்தக் கல்லுல மொதல்ல ஊத்துவ?" என்றேன்.

"எதுலயா இருந்தா என்னக்கா?"

"அவங்க கல்லுல நான் என்னத்தையோ ஊத்தச் சொன்னேன்னு நாளைக்கு அவங்க எழுதிக் குடுத்தா நீ வந்து சாட்சி சொல்வியா?"

அவள் பாட்டிலை மூடிக்கொண்டு, "ஒங்க ரெண்டு பேரு சண்டையில நான் எதுக்குங்க" என்று போய்விட்டாள். ஒரு சூழ்ச்சியை முறியடித்த திருப்தியோடு நான் உள்ளே போனேன்.

புரட்டாசியில் ஒரு காலை, பள்ளிக்கூடத்தில் முட்டை எண்ணும்போது கணக்குத் தப்பியது. மறுபடி எண்ணினேன், மறுபடியும் தப்பியது. முட்டை கொண்டு வந்தவனைத் திட்டினேன். அவன் எண்ணிக் காட்டினான், சரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தது. மதியத்துக்குள் காய்ச்சல் கொதித்தது. கண்ணை அசைத்தால் கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலால் அழுத்துவது மாதிரி வலி. இடுப்பு, முட்டி, விரல் கணு என்று ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக வலித்தது. எலும்பை முறிக்கும் காய்ச்சல் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டாம். பெயர் வைத்தவர் அனுபவித்தவராக இருக்க வேண்டும்.

முந்தின வெள்ளிக்கிழமை பாதையில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது. அஞ்சம்மாக்கா மகன் புது வண்டிக்குப் பூஜை போட்டதில் உருண்டு வந்தது என்றார் வீட்டுக்காரர். படுத்துக்கொண்டு நான் அந்தப் பழத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் தலை நிமிராமல் ஊசி எழுதினார், பாட்டில் ஏற்றச் சொன்னார். என்ன காய்ச்சல் என்று கேட்டேன். வைரல் என்றார். தெரியாது என்பதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் சொல் அது என்று நினைத்தேன். காய்ச்சல் இறங்கவில்லை, பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்று எச்சிலில் ரத்தத்தைப் பார்த்ததும் யாரையும் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டு, என்னைத் தூக்கி உள்ளே வைத்து, பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்.

அங்கே காத்திருந்த நேரம்தான் எனக்கு மிக நீளமானது. பெஞ்சு முழுக்கக் காய்ச்சல்காரர்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். ரத்தம் எடுத்த சிஸ்டரிடம் குப்பியில் என் பெயரைச் சரியாக எழுதினீர்களா என்று கேட்டேன். அவள் காட்டினாள். "தமிழ்ச்செல்வி வேற யாராவது இருக்காங்களா?" என்றேன். "வார்டுலேயே மூணு பேரு. ஒங்க ஊரு பேரும் போட்டிருக்கேன், போதுமாம்மா?" என்றாள்.

டெங்கு என்று வந்தது. இளவயது டாக்டரம்மா ஒருத்தி கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். ரத்தத்தில் தட்டணுக்கள் என்று சிறு துகள்கள் இருக்கின்றன, காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைப்பவை. டெங்குவில் அவை குறையும். எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள், ஆனால் அதைவிடப் பார்க்க வேண்டியது ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போய்விட்டால், வற்றின குழம்பு மாதிரி ரத்தம் கெட்டிப்பட்டுவிடும், பிறகு அது உடம்பெல்லாம் ஓடாது. இதற்கென்று தனி மருந்து கிடையாது. நீர் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். வலி மாத்திரைகளை இஷ்டத்துக்குப் போடக் கூடாது, சில மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும்.

"மருந்தே இல்லாததுக்கு ஆஸ்பத்திரி எதுக்கும்மா?" என்றேன்.

"பாத்துக்கிட்டே இருக்கணுமே, அதுக்குத்தான்" என்றாள்.

பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு வேலை என்பது எனக்குப் புரிந்த விஷயம். அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

என்னைக் கொசுவலைக்குள் படுக்க வைத்தார்கள். பகலிலும் வலை. எனக்குத்தான் ஏற்கெனவே கடித்தாயிற்றே என்று கேட்டேன். "ஒங்களக் கடிச்ச கொசு அடுத்தவங்களப் போயிக் கடிச்சா அவங்களுக்கும் வந்துடும். இது பகல்ல கடிக்கிற கொசும்மா" என்றாள் சிஸ்டர். ஆக, என்னைக் காப்பாற்ற அல்ல, என்னிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்ற. எனக்கு ரோஷமாக இருந்தது.

குடிக்கிற தண்ணீரும் போகிற மூத்திரமும் அளந்து சொல்ல வேண்டும். அதை என் வீட்டுக்காரர் செய்தார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் என் கையைத் தொடாத மனிதர், அளவுக் குவளையைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, சிஸ்டரிடம் உரக்கச் சொல்வார். கூச்சத்தில் எனக்குச் சாகலாம் போல இருந்தது. இப்போது நினைத்தால் அழுகை வருகிறது. நிலவேம்புக் கஷாயத்தை முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. வீட்டுக்குப் போகிறேன் என்றேன். டாக்டரம்மா, "இப்பத்தான் பயம். காய்ச்சல் எறங்குற நேரத்துலதான் நீர் கசியும்" என்றாள். நான் நம்பவில்லை. காப்பீட்டு அட்டையைக் காட்டிப் பணம் வாங்க என்னை வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தேன். "இங்க யாருக்கும்மா நீ லாபம்" என்றார். அன்று மதியமே வயிறு வலித்தது. வாந்தி நிற்கவில்லை. கை கால் சில்லிட்டு, கூரையில் ஓடும் மின்விசிறி தூரமாகப் போவது போல் இருந்தது. ஆட்கள் ஓடி வந்தார்கள். எனக்கு மரண பயம் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது. பெற்ற மகளுக்குப் பிரசவம் பார்க்காமல் போகப் போகிறோமே என்றுதான் நினைத்தேன். இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பாட்டில் ஏற்றி, மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்து, என்னை இழுத்துப் பிடித்துவிட்டார்கள்.

கண் தெளிந்து பார்த்தபோது எதிர்க் கட்டிலில் புதிதாக ஒரு வலை. உள்ளே அஞ்சம்மாக்கா.

முதலில் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று வேவு பார்க்க வந்து படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டாவதாக, இவள் இங்கே இருந்தால் பாதையை யார் பார்க்கிறார்கள், இவள் வீட்டு ஆட்கள் அங்கே வேலி போடுகிறார்களோ என்று நினைத்தேன். வீட்டுக்காரரை உடனே ஊருக்குப் போய்ப் பார்த்து வரச் சொன்னேன். எதிர் வலைக்குள்ளிருந்து அஞ்சம்மாக்காவும் மகனிடம், "அவரு கெளம்புறாரு, நீயும் போடா" என்று முனகுவது கேட்டது. இரண்டு ஆண்களும் ஒரே பஸ்ஸில் போய், பார்த்துவிட்டு, ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சீர்காழியிலிருந்து சம்பந்தியம்மா போன் பண்ணினார். நல்ல மனுஷி, குரல் உயர்த்தாமல் பேசுவார். "ஒங்க ஒடம்ப மொதல்ல பாத்துக்குங்க. ஆனா ஒண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளத்தாச்சிக்கு இந்தக் காய்ச்சல் வந்தா தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்துங்குறாங்க. ஒங்க வீட்டுக்கே வந்திருக்கு, பக்கத்து வீட்டுக்கும் வந்திருக்கு. கயல அங்க எப்படி அனுப்புறது? வளைகாப்பு நடக்கட்டும், பிரசவத்த நாங்களே பாத்துக்கிறோம்."

போனை வைத்துவிட்டு வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதேன்.

வலைக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். எதிரே இருந்து குரல் வந்தது. பேச்சை நிறுத்திய பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"சம்பந்தி அனுப்பமாட்டேங்குறாங்களா?"

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஒங்க தொட்டியாலதான் எனக்கு வந்துச்சு" என்றாள் அடுத்து.

அதற்குப் பேசாமல் இருக்க முடியுமா? "ஒங்க டிரம்முல இருந்துதான் எனக்கு வந்துச்சு. மொதல்ல படுத்தது நான்தானே?" என்றேன்.

"எங்க டிரம்மு பக்கம் ஒங்க கோழிதான் மேயும், நீ எப்ப வந்த?"

இரண்டு வலையும் ஆட ஆடச் சண்டை. சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தாள். இருவரும் முறையிட்டோம். யார் வீட்டுக் கொசு என்று பரிசோதனை செய்து சொல்ல முடியுமா என்றுகூட நான் கேட்டேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொசுவுக்குப் பட்டா, அடங்கல் எல்லாம் கெடையாதும்மா" என்றாள். நல்ல தண்ணீர் தேங்கும் எந்தக் குழியும் அதற்கு வீடுதான், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், தூரமாகப் பறக்காது, பிறந்த இடத்தைச் சுற்றியே கடிக்கும் என்றாள். பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கியது. "தண்ணியக் கொட்டுனா மட்டும் போதாது. முட்டை கல்லு ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். வெயில்ல காஞ்சு மாசக்கணக்கா கெடந்தாலும் சாவாது. அடுத்த மழைத் தண்ணி பட்டா பொரிஞ்சிடும். தேச்சுக் கழுவணும்."

கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த கல்லைப் பார்த்து, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் அஞ்சம்மாக்கா மறுபடி பேசினாள். "செல்வி, நம்ம சாமானையெல்லாம் எடுத்துடுவோமா?"

"நான் எடுத்ததும் நீங்க ஒங்க சாமான அப்படியே விட்டுட்டு வேலி போட்டுட்டீங்கன்னா?"

"அதத்தான் நானும் நெனச்சேன். நீ மொதல்ல வீட்டுக்குப் போவ. நான் வர்றதுக்குள்ள என்ன பண்ணுவியோ."

"சத்தியம் பண்றேன்."

"ஒன் சத்தியத்த நம்புனா நான் ஏன் கேஸு போடப் போறேன்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னையும் ஒருத்தி இப்படிச் சந்தேகப்படுகிறாளே என்று கோபம் வந்தாலும், அவளோடு பேச எளிதாக இருந்தது. அடுத்தவளுக்கு எங்கே சந்தேகம் வரும் என்று இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்ததால், ஒவ்வொன்றாகப் பேசி அடைத்துக்கொண்டு வந்தோம். முடிவாக ஒன்று சொன்னாள். "ஒன் கல்ல நீ தேச்சா மேலோட்டமா தேச்சுட்டு வெச்சிடுவ. ஒன் கல்ல நான் தேய்க்கிறேன். என் கல்ல நீ தேயி."

எனக்கும் அதுதான் மனசில் இருந்தது.

நான் முதலில் வீடு திரும்பினேன். சொன்னபடி எதையும் தொடவில்லை. கட்டிலை வாசலில் போட்டுக்கொண்டு பாதையைப் பார்த்தபடி கிடந்தேன். பாதையிலிருந்து வருகிற கொசுவை மட்டையால் அடித்துக்கொண்டே இருந்தார் வீட்டுக்காரர். "கவுத்துட்டாதான் என்ன?" என்றார். "அவங்க வரட்டும்" என்றேன். அஞ்சம்மாக்கா ஆட்டோவிலிருந்து இறங்கி நேராகப் பாதைக்குத்தான் வந்தாள். ஒவ்வொரு சாமானையும் பார்த்தாள். பிறகுதான் வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் காலை இருவரும் இறங்கினோம். நிற்க முடியாத உடம்பு. உட்கார்ந்து உட்கார்ந்துதான் செய்தோம். அவர்கள் ஒரு டயரை எடுத்தால் நாங்கள் ஒரு டயர். அவர்கள் டிரம், எங்கள் தொட்டி. ஒரு பக்கம் ஒன்று கூடினாலும் நின்றுவிடும். கடைசியில் இரண்டு ஆட்டுக்கல் மிஞ்சின. அவள் கல்லுக்கு முன்னால் நான் உட்கார்ந்து, பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். என் குடும்பத்துக்குச் சோறாக்கின பாத்திரத்தைக்கூட அப்படித் தேய்த்ததில்லை. அந்தப் பக்கம் அவள் என் கல்லைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. நான் நிறுத்தினால் அவளும் நிறுத்தி எட்டிப் பார்ப்பாள், உடனே நான் தொடங்குவேன். முடித்ததும் இடம் மாறி, விரலை விட்டுச் சோதித்தோம். அவள் என் கல்லில் ஒரு பொடியைக்கூட விடவில்லை. குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. கல் இரண்டையும் அவரவர் கொல்லையில் கவிழ்த்தோம்.

விஷயம் தெரிந்து வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "அனுபவமே போச்சே!" என்றார். வீட்டுக்காரர்தான் கேட்டார், "பெருக்குனா அனுபவம் இல்லீங்களா?" வக்கீல் யோசித்துவிட்டு, "பெருக்குறதும் அனுபவம்தான்" என்றார்.

அடுத்த நாள் காலை நான் பாதையைப் பெருக்கினேன். அதற்கடுத்த நாள் எழுந்து போனால், அஞ்சம்மாக்கா ஏற்கெனவே பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தாள். அவளுக்கும் ஒரு வக்கீல் இருக்கிறாரே. நான் இன்னும் சீக்கிரமாக எழுந்தேன். அவள் சாயங்காலமும் பெருக்க ஆரம்பித்தாள். மழை பெய்து தேங்கினால், யார் முதலில் வாய்க்கால் வெட்டி வடிப்பது என்று போட்டி. அந்த ஐப்பசி மழையில் எங்கள் ஊரிலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காத இடம் அதுதான். கொசு ஒழிப்புப் பெண் மறுபடி வந்து டார்ச் அடித்துத் தேடிவிட்டு, நம்ப முடியாமல் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். சம்பந்தியம்மா நேரில் வந்தார். கொல்லை, கிணறு, தொட்டி, பாதை என்று மூலை விடாமல் பார்த்தார். என்னைவிடச் சந்தேகக்காரி உலகத்தில் இருக்கிறாள் என்று அன்று தெரிந்தது. வளைகாப்பு முடிந்து கயலை அனுப்பி வைத்தார்.

தை பிறந்ததும் பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். கார்த்திகை முழுக்கக் கயல் அந்தப் பாதையில்தான் நடை போட்டாள். அவள் உடம்பில் ஒரு காய்ச்சல் இல்லை.

மாசியில் கமிஷனர் வந்தார். காலியான பாதையைப் பார்த்து, "இத யாரு பராமரிக்கிறீங்க?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "நான்தான்" என்றாள் அஞ்சம்மாக்கா. அவர் எங்கள் வாசலில் பிள்ளையோடு நின்ற கயலைப் பார்த்தார். அவள் என் வயிற்றில் பிறந்தவள்தானே என்று நான் நிம்மதியாக இருந்தேன். அவளோ, "ரெண்டு பேருமேதான் சார்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

கமிஷனர் டேப்பை எடுத்து, "யாராவது ஒரு முனையப் புடிங்க" என்றார். அஞ்சம்மாக்கா மகன் கையை நீட்டினான். அவன் பிடித்தால் எந்த எல்லைக்கல்லிலிருந்து பிடிப்பானோ, ஒரு சாண் உள்ளே தள்ளிப் பிடித்தால் போச்சே என்று நான் பாய்ந்தேன். கையில் பிள்ளை. பக்கத்தில் நின்றவளிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் முனையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு பாதிப் பாதை போன பிறகுதான், யாரிடம் கொடுத்தேன் என்பது உறைத்தது.

திரும்பிப் பார்த்தேன். அஞ்சம்மாக்கா வெயில் படாமல் சேலைத் தலைப்பைப் பிள்ளைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அவன் காலைக் கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கி, விரல் இடுக்கு, கணு, முட்டி மடிப்பு என்று கொசுக்கடித் தடிப்பு எங்கேயாவது இருக்கிறதா என்று ஒவ்வோர் இடமாகச் சோதித்துக்கொண்டிருந்தாள். நான் தினமும் காலையில் செய்வதைத்தான் செய்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அடுத்த காலை எடுத்தாள்.

"டேப்ப இறுக்கிப் புடிங்கம்மா" என்றார் கமிஷனர். நான் திரும்பி நின்று இறுக்கிப் பிடித்தேன். அளந்து முடியும்வரை பிள்ளையைப் போய் வாங்கவில்லை.